கரண்ட் லீவு

எங்கள் தொழிற்பேட்டையில் ஒரு சொல் புழங்கியது: கரண்ட் லீவு. ஞாயிற்றுக்கிழமை லீவு, பொங்கல் லீவு மாதிரி அதுவும் ஒரு லீவு. இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் மின்சாரம் போதவில்லை என்று ஆலைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் கரண்டை நிறுத்தினார்கள். காகிதத்தில் அதற்கு மின் விடுமுறை என்று பெயர். நாங்கள் கரண்ட் லீவு என்றோம். அன்றைக்குக் கூலி கிடையாது. எங்களைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்கு உலை எரிந்தால்தான் அடுப்பு எரியும். அதனால் கும்மிடிப்பூண்டி டீக்கடைகளில் அந்தச் சொல்லை யாரும் நல்ல முகத்தோடு சொல்லி நான் கேட்டதில்லை. ஆட்சியில் இருப்பவரைத் திட்டுவார்கள். அலுத்தால் முன்பு ஆட்சியில் இருந்தவரைத் திட்டுவார்கள்.

நான் ஒருவன்தான் அந்த லீவுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். வெளியே சொன்னால் உதை விழும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

காரணம் என் மகள். அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. இருமலில் ஆரம்பித்து இழுப்பில் கொண்டுபோய் விடும் மூச்சு அவளுக்கு. நாங்கள் குடியிருந்தது ஆலைகளுக்குப் பின்னால் இருந்த லைன் வீடு. பழைய இரும்பை உருக்குகிற ஆலைகள் அந்தப் பக்கம் வரிசையாக இருந்தன. உலை ஓடுகிற நாளில் மொட்டை மாடியில் கரித்தூள் மெத்தை மாதிரி படிந்திருக்கும். என் மனைவி துணியை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுவாள். மகள் மட்டும் மாடிக்கு ஓடி, அந்தத் தூளில் விரலால் அ, ஆ எழுதுவாள். அவளுக்கு அது சிலேட்டு. எழுதிவிட்டு இறங்கி வந்து இருமுவாள்.

கரண்ட் லீவு அன்றைக்கு விடியும்போதே தெரிந்துவிடும். காற்றில் இரும்பு வாசனை இருக்காது. வடக்கே எல்லையைத் தாண்டி வந்து குடியேறிய பக்கத்து வீட்டு அம்மா முதல் ஆளாக மாடியில் துணி உலர்த்துவார். பின்னாலேயே எல்லார் வீட்டுத் துணியும் வெளியே வந்துவிடும். வெள்ளைத் துணி உலர்த்த நாள் பார்த்துக் காத்திருப்பார்கள். மகள் மாடிக்குப் போய்விட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்குவாள்.

"நைனா, இன்னிக்கு சிலேட்டு இல்ல."

"நல்லதுதான் கண்ணு. நோட்ல எழுது."

அன்று அவளுக்கு இழுப்பு வராது. மத்தியானம் தூங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். சத்தமே வராது. சத்தம் வரவில்லையே என்று அதற்கும் பயந்து மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன்.

"கொயந்த தூங்குறா. கைய எடுய்யா. நீ எழுப்பிட்டீனா நீயேதான் பாத்துக்கணும்" என்பாள் மனைவி.

என் சுபாவம் அப்படி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். படித்தவர்களுக்கு எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தெரியும்போல. எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை, அதனால் எல்லாவற்றுக்கும் பயந்து வைத்தேன். வேலைக்குக் கிளம்பி பாதி தூரம் போனபின் விளக்கை அணைத்தோமா என்ற சந்தேகம் வரும். திரும்பி வருவேன். விளக்கு அணைந்துதான் இருக்கும். சுவிட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவேன்.

"ஊட்ல கீறதே ஒரு லைட்டு, ஒரு ஃபேனு. அதுக்கு இந்தக் காவலு! கவர்மெண்டுக்குத் தெரிஞ்சா உன்னைத்தான் கரண்டு மந்திரியா போடுவாங்க" என்பாள் அவள்.

ஆலையில் இந்தப் பயத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. வந்து குவியும் பழைய இரும்பைப் பிரித்து உலைக்கு அனுப்புவது என் வேலை. வாய் மூடிய சிலிண்டரோ, தண்ணீர் நின்ற குழாயோ தெரியாமல் உள்ளே போய்விட்டால் உலை வெடித்து உருகின இரும்பு ஆள் மேல் தெறிக்கும். நான் ஒவ்வொரு குழாயையும் ஆட்டிப் பார்ப்பேன், கவிழ்த்துப் பார்ப்பேன், தட்டிப் பார்ப்பேன், பக்கத்தில் இருப்பவனிடமும் கொடுத்து ஆட்டச் சொல்வேன். சூப்பர்வைசர் சிரிப்பார். "இந்த வேலைக்கு தைரியசாலி வாணாம்யா. இவனை மாதிரி பயந்தாங்கொள்ளிதான் வேணும்."

அந்தக் குவியலில்தான் தலைவர்களை நான் நெருக்கத்தில் பார்த்தேன்.

தலைவர் பிறந்த நாளுக்குப் பேட்டைச் சாலையில் மரம் நடுவார்கள். வேன் வரும், மேளம் வரும், இரும்புக் கூண்டு வரும். கூண்டில் தலைவர் பெயரும் கொடுத்தவர் பெயரும் கட்சி நிறத்தில் எழுதியிருக்கும். தலைவர் பெயரைவிடக் கொடுத்தவர் பெயர் பெரிதாக இருக்கும். கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் கன்று அடுத்த குடத்தைப் பார்க்காது. லாரிப் புழுதியிலும் கரியிலும் சருகாகிவிடும். ஆட்சி மாறினால் அடுத்தவர்கள் வந்து அதே குழியைத் தோண்டி வேறு கன்றை வைப்பார்கள். அவர்களுக்குக் குழி தோண்டும் சிரமம்கூட இருக்காது, மண் இளகியே இருக்கும்.

கன்று போனபின் வெறும் கூண்டு நிற்கும். சில நாளில் கூண்டும் இருக்காது. யாரோ பிடுங்கிப் பழைய இரும்புக் கடையில் போட, அங்கிருந்து லாரியில் ஏறி அது எங்கள் குவியலுக்கு வந்துவிடும். பேட்டைச் சாலையில் நின்றது பேட்டைக்கே திரும்பி வரும். இரண்டு கட்சிக் கூண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று கட்டிப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

"தலைவா, உங்க தலைவர் வந்துகீறாரு, வாங்கிக்கோ" என்று என்னோடு வேலை செய்தவன் ஒரு கூண்டைத் தூக்கிப் போடுவான். கிண்டல் அவனுக்குச் சாப்பாடு மாதிரி.

"எனக்கு எந்தத் தலைவரும் கெடையாதுப்பா."

"அப்ப நைஸா புடி. பெயிண்ட்டு ஒட்டிக்கப்போவுது. அப்புறம் அந்தக் கட்சின்னு சொல்லிடுவாங்க."

கூண்டுகள் உலைக்குள் போகும்போது அந்த பெயிண்ட்தான் முதலில் எரியும். தனியாக ஒரு நெடி, தொண்டையைப் பிடிக்கும். அந்தப் புகையை உறிஞ்ச உலைக்கு மேலே பெரிய குடை மாதிரி ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பிளோயர். பிளோயர் சுற்றினால் புகை குழாய் வழியாகப் போய்ப் பைகளில் வடிகட்டிக்கொள்ளும். சுற்றாவிட்டால் கூரை வழியாக வெளியே போகும். வெளியே என்றால் எங்கள் லைன் வீட்டு மாடி.

வாரத்தில் ஒரு நாள் நிறுத்தியும் கரண்ட் போதவில்லை. மற்ற நாட்களிலும் இவ்வளவுதான் எரிக்கலாம் என்று ஆலைக்கு அளவு வைத்தார்கள். மீறினால் அபராதம். ஒரு நாள் ஷிப்ட் ஆரம்பிக்கும் முன்னால் எல்லாரையும் கேட் பக்கம் கூட்டினார் சூப்பர்வைசர். கையில் ஒரு கட்டு ஸ்டிக்கர். மூலையில் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் கொட்டை எழுத்தில்: தேவையற்ற மின்சாதனங்களை அணைப்போம், நாட்டைக் காப்போம்.

"சிக்கனக் கமிட்டி போடணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. லேபர் சைடுல ஒரு ஆள் வேணும். யாரு?"

கூண்டு தூக்கிப் போடுகிறவன் கையை நீட்டி என்னைக் காட்டினான். "சார், இவன் ஊட்டுக்குப் போயி சுவிட்ச்சுக்கு குட்நைட் சொல்லிட்டுத்தான் படுப்பான். இவனை வுட்டா யாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டிக்கர் கட்டு என் கைக்கு வந்தது. வெட்கமாக இருந்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்ததை மறைப்பானேன். எட்டாவதோடு நின்றவனை எந்தக் கமிட்டியிலும் யாரும் போட்டதில்லை. ஒவ்வொரு சுவிட்சுக்கு மேலும் துடைத்துவிட்டு ஒட்டினேன். கழிவறை விளக்கு, ஆள் இல்லாத ஷெட்டில் வெட்டியாக ஓடும் ஃபேன், பகலிலும் எரியும் காம்பவுண்டு விளக்கு. அணைத்தேன், திரும்பிப் போய் அணைத்தோமா என்று பார்த்தேன். என் வியாதிக்கு அரசாங்கமே ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. அன்று வீட்டில் சொன்னபோது மனைவி, "நான்தான் சொன்னேனே, மந்திரி!" என்றாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார்.

"லைட்டு, ஃபேன்லாம் கொசுறுய்யா. மீட்டர்ல ஒண்ணும் தெரியல. பெருசா தின்றது எது சொல்லு?"

"உலை சார்."

"உலைய நிறுத்திட்டு என்னாத்துக்கு ஆலை? அதுக்கு அடுத்தது?"

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நின்றேன்.

"பிளோயருக்கு ஸ்டிக்கர் ஒட்டலியே நீ" என்றார்.

"அது தேவையற்றது இல்லியே சார்."

"இரும்பு உருக அது தேவையா? அது சுத்தலன்னா இரும்பு உருகாதா?"

"உருகும் சார். புகை..."

"புகைக்கு கூரை தொறந்துகீதுல்ல."

நான் தைரியசாலி இல்லை. நியாயம் பேசத் தெரியாது. எனக்குத் தெரிந்தது பயம் ஒன்றுதான், அதையே எடுத்து நீட்டினேன். பொல்யூஷன்காரங்க திடீர்னு வந்துட்டா சார்? வந்தப்புறம் போட்டா பிளோயர் வேகம் எடுக்க நேரம் ஆவுமே சார்? பைல தூசி கெட்டியாயி அடைச்சுக்கினா சார்? உள்ள வேலை செய்யறவன் மயங்கி உலைப் பக்கம் வுழுந்துட்டா சார்? சொல்லிக்கொண்டே போனேன். என் மகளைப் பற்றி மட்டும் சொல்ல வரவில்லை. சொன்னால் 'உன் ஊட்டு விஷயத்தை ஆலைக்குள்ள கொண்டாரியா' என்பார் என்று அதற்கும் பயம்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் கண்ணிலும் தூக்கம் இல்லை. மேலே இருப்பவர்கள் அவரை நெருக்கியிருப்பார்கள். "மேல சொல்றாங்கய்யா. நானும் குடும்பக்காரன்தான்" என்று ஸ்டிக்கர் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு போனார். பிளோயர் சுவிட்சுக்கு மேல் அவரே ஒட்டினார். அவசரத்தில் கோணலாக. அணைத்ததும் அவர்தான்.

அதுவரைக்கும் பிளோயர் சத்தத்துக்குள்ளேயே நாங்கள் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம். அது நின்றதும் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டோம். "இன்னாடா, காதுக்கு நல்லா கீது" என்றான் ஒருவன். அதற்குள் அன்றைய கூண்டு ஒன்று உள்ளே போயிருந்தது. குடை வரைக்கும் எழும்பிய புகை, அங்கே இழுக்க ஆள் இல்லாமல் கொஞ்சம் தயங்கியது. பிறகு கூரை இடுக்கைத் தேடிக்கொண்டது.

அதற்குப் பிறகு வாரத்தில் ஆறு நாளும் எங்கள் மாடியில் சிலேட்டுதான். மகள் ஒரு வாக்கியமே எழுதலாம், அத்தனை தூள். நான் மாடிக் கதவைப் பூட்டினேன். ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தேன். வீட்டுக்குள் ஃபேன் ஓடினால் தூசி பறக்குமோ என்று ஃபேனை நிறுத்தினேன். புழுங்குகிறதே என்று திரும்பப் போட்டேன். மனைவி ஒரு கட்டத்தில் என் கையைப் பிடித்துச் சுவிட்சிலிருந்து விலக்கினாள். அன்று அவள் கிண்டல் செய்யவில்லை.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்தார். "நைனா, பாப்பாவுக்கு ரொம்ப இழுக்குது. உன் சம்சாரம் கிளினிக்குக்கு இட்டுனு போயிருக்குது. நீ நேரா அங்க போ. டப்பு வேணும்னா இந்தா" என்று முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனார். நான் அதைக்கூட ஒழுங்காக மறுக்காமல் ஓடினேன்.

கிளினிக் வாசலில் மனைவி மகளை மடியில் உட்கார்த்தி விசிறிக்கொண்டிருந்தாள். குழந்தையின் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. உள்ளே மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் மிஷின் மேசைமேல் தயாராக இருந்தது. முகத்தில் வைக்கும் கிண்ணமும் இருந்தது. கரண்ட் இல்லை. வீடுகளுக்கு நிறுத்துகிற நேரம் அது.

"இன்னும் கொஞ்ச நேரம்தான், வந்துடும்" என்றார் நர்ஸ். கிளினிக்கிலேயே பேட்டரி வைத்திருப்பதாகவும் அது பழுதுபார்க்கப் போயிருப்பதாகவும் சொன்னார். டாக்டர் ஊசி போட்டிருந்தார். வெந்நீரை ஊதி ஊதிக் குடிக்க வைத்தார்கள்.

நான் மேலே தொங்கும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை நாள் இதே மனதால் கரண்ட் போக வேண்டும் என்று வேண்டியிருப்பேன்! இப்போது வர வேண்டும் என்று வேண்டினேன். வந்தால் மிஷின் ஓடும், குழந்தைக்கு மூச்சு வரும். வந்தால் உலையும் ஓடும். சாமிக்கே என் வேண்டுதல் குழப்பமாக இருந்திருக்கும். ஒரே குழந்தைக்கு இரண்டு விதமாகக் கேட்கிறானே என்று.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஆட்சியில் இருப்பவரை வாயாரத் திட்டிக்கொண்டிருந்தார். "நாசமாப் போறவங்க, கொயந்த துடிக்குது, கரண்டு இல்ல." எதிர் பெஞ்சிலிருந்தவர், "போன ஆட்சியில மட்டும் இன்னா கிழிச்சாங்க?" என்றார். அவர்கள் மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே ஃபேன் மெல்ல அசைந்தது. நர்ஸ் ஓடினார். மிஷின் தடதடவென்று உறுமியது. மகள் முகத்தில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, வெள்ளைப் புகைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

வீடு திரும்பும்போது மனைவி சொன்னாள்: "திருப்பாச்சூர்ல அக்கா ஊட்டுக்குப் போறோம். அங்கயே ஸ்கூல்ல போட்டுர்றேன்."

"நானு?"

"நீ வேலைக்குப் போவாம இன்னா பண்ணுவ? லீவுல வா."

"ஞாயித்துக்கிழமை ஷிப்ட் போட்டுட்டா?"

"கரண்ட் லீவுல வாய்யா. அன்னிக்குத்தான் யாரும் உன்னைப் புடிச்சு வெக்க முடியாது."

அப்படித்தான் அவர்கள் போனார்கள். திருப்பாச்சூரில் வயல் பக்கம் வீடு. முதல் மாதத்திலேயே மகளின் மூச்சு தெளிந்தது. இரண்டு பஸ் மாறி, பெரியபாளையம் வழியாக நான் கரண்ட் லீவுதோறும் போய் வந்தேன். பேட்டையில் மற்றவர்கள் கூலி போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, நான் வாழைப்பழச் சீப்போடு நிற்பேன். எனக்கும் கூலி போனதுதான்.

ஒரு முறை போயிருந்தபோது மனைவி ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "உம் பொண்ணு பண்றதைக் கேளு. கரண்ட் லீவுன்னா நைனா வரும்னு சொல்லி வெச்சேன்ல? இங்க தெனம் கரண்டு போவுதுல்ல, அப்பல்லாம் தெருமுனைக்கு ஓடிடறா. ஊரே பேஜாராயி விசிறிய எடுத்துக்கினு வெளிய வந்து திட்டுது, இவ ஒருத்தி மட்டும் கை தட்டிக்கினு ஓடறா. கரண்டு வந்துட்டா அழுதுக்கினே உள்ள வரா."

"இது வேற கரண்ட்டு, ஆலைக் கரண்ட்டு வேறன்னு சொல்லலியா?"

"சொன்னேன். 'கரண்டு கரண்டுதானே'ங்கறா. நீ சொல்லு."

நான் சொல்லப் பார்த்தேன். ஆலைக்கு ஒரு நாள், வீட்டுக்கு ஒரு நேரம், அது வேறு, இது வேறு என்று. மகள் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "அப்ப எந்தக் கரண்டு போனா நீ வருவ?" என்றாள். பதில் சொல்வதற்குள் வீட்டில் ஃபேன் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள். "பாத்தியா, நீ வந்துட்ட" என்றாள்.

தலைவர்கள் விட்டுப்போனது என்ன என்று இப்போது யாராவது மேடையில் பேசும்போது எனக்கு இவைதான் நினைவுக்கு வருகின்றன. மரம் நட்டவர் வைத்ததில் கூண்டுதான் எங்களிடம் வந்தது, அதையும் உருக்கினோம். சேமிக்கச் சொன்னவரின் ஸ்டிக்கர் பிளோயருக்கு மேல் கோணலாக இருந்தது, முகம் கரியில் மறைந்து பல் மட்டும் தெரிந்தது. கரண்ட் கொடுக்க முடியாமல் போனவரை ஊரே திட்டியது. அவரால்தான் வாரத்தில் ஒரு நாள் எங்கள் மாடி வெளுத்தது. அதை அவர் எந்தக் கூட்டத்திலும் சொல்லிக்கொள்ள முடியாது. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை ஷிப்டில், அறிவிப்பு இல்லாமல் ஆலையில் கரண்ட் போய்விட்டது. உலையில் பாதி உருகின இரும்பு. ஆறினால் கெட்டியாகி உலையே பாழ். எல்லாரும் ஓடினார்கள், சூப்பர்வைசர் யாரையோ போனில் கத்திக்கொண்டிருந்தார். கூண்டு தூக்குகிறவன் என்னைப் பார்த்து, "தலைவா, சுவிட்ச்ச எங்கனா அமுக்கிட்டியா?" என்றான். அவசரத்திலும் அவனால் முடிந்தது.

நான் மட்டும் கேட் பக்கம் நடந்தேன். திருப்பாச்சூரிலும் போயிருக்குமோ? போயிருந்தால் தெருமுனைக்கு ஓடியிருப்பாள். இன்று பள்ளிக்கூடம் உண்டா? வெயில் ஏறிவிட்டதே.

கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடையில் காசு போட்டுப் பேசும் போன் இருந்தது. அக்கா வீட்டுக்கு அடித்தேன். மனைவிதான் எடுத்தாள்.

"இன்னாய்யா, இந்நேரத்துல? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. அங்க கரண்டு கீதா?"

"கீது. ஃபேன் ஓடுது. ஏன்?"

"பாப்பா?"

"உள்ளதான் கீறா. எழுதிக்கினு கீறா."

"சரி" என்றேன். "அப்ப சரி. வெச்சுடறேன்."

வைத்துவிட்டு, சரியாக வைத்தோமா என்று போனை ஒரு தரம் தொட்டுப் பார்த்தேன். பிறகு உலைப் பக்கம் ஓடினேன்.